உப்பு ஜாடியின் கனம்

மறுபடியும் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. திரையின் நட்டநடுவில் அந்த நீல வட்டம், கண்ணைக் கட்டிவிட்ட செக்குமாடு மாதிரி அது பாட்டுக்குச் சுற்றுகிறது, எண்ணெய் இறங்குவதாகத்தான் காணோம். நாகஜோதி மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இப்போது தொட்டால் சனியனுக்கு இன்னும் கோபம் வரும். மத்தியானச் சோற்று மந்தம் கண்ணை இழுக்கிறது, வாசலில் லாரி போகிற போக்கில் கண்ணாடிக் கதவு ஒரு தரம் நடுங்கி அடங்குகிறது, கடைக்கு முன்பக்கம் காட்சிக்கு வைத்திருக்கிற அடுப்படிகள் மேலே வெளிச்சம் விழுந்து ஒவ்வொன்றும் கல்யாணப் பெண் மாதிரி நிற்கிறது. ஒன்றிலாவது இதுவரை ஒரு டம்ளர் பால் பொங்கியிருக்குமா. தேனி பைபாஸ் ரோட்டில் இந்த மாடுலர் கிச்சன் கடையில், ஊரார் வீட்டு அடுப்படியையெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளே கட்டிக் காட்டுவதுதான் அவள் வேலை. சுவர், மேடை, அலமாரி, அடுப்பு, புகை இழுக்கிற சிம்னி என்று ஒவ்வொன்றாகத் திரையில் நிறுத்தி, அப்படியும் இப்படியும் திருப்பிக் காட்டினால், பார்க்க வந்தவர்கள் உள்ளே நடந்து போய் வந்த மாதிரி கிறங்கிப் போவார்கள். ஊரார் வீட்டைக் கட்டும்போதெல்லாம் இந்த மெஷின் இப்படி முரண்டு பிடித்ததில்லை. இன்றைக்கு அவள் தன் வீட்டைக் கட்டுகிறாள், இன்றைக்குப் பார்த்து. நாலு மணிக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள். புருஷன் போஸ், புருஷனுக்கு மூத்தவரான பெரிய மாமா ஜவகர், அவர் பெண்சாதி அமுதவல்லி அக்கா. மாமனார் தலைவர்கள் மேல் பிரியப்பட்டு வைத்த பேர்கள். பேர் வைத்த நேரமோ என்னமோ, இரண்டும் ஒரு அடுப்பில் நெடுநாள் சாப்பிடவில்லை. நீளமான வீட்டுக்கு நடுவே, அடுப்படியையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு, ஒரு அரைக்கல் சுவர் எழும்பியது. இந்தப் பக்கம் தம்பி, அந்தப் பக்கம் அண்ணன். இப்போது பெரிய மாமா மகளுக்குச் சின்னமனூரில் சம்பந்தம் பேசி முடித்தாயிற்று. பேச வந்த கூட்டத்தில் ஒரு பெரியவர், "அண்ணன் தம்பி ஒரே வீடு, அடுப்பு மட்டும் ரெண்டாக்கும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். அந்த ஒரு சிரிப்புக்குத்தான் சுவர் விழப்போகிறது. சுவரை இடி, அடுப்படியை ஒன்றாக்கு, ஒரே மேடை, ஒரே அடுப்பு. "நம்ம ஜோதியே கம்ப்யூட்டர்ல போட்டுக் காமிச்சிரும்ல" என்றார் பெரிய மாமா. போஸ் "ம்" என்றான். ஒரே அடுப்பு என்றால் அது யார் அடுப்பு என்று அண்ணனும் சொல்லவில்லை, தம்பியும் கேட்கவில்லை. சொல்லித்தான் தெரியவேண்டுமா. மூத்தவள் இருக்க இளையவள் கரண்டி பிடிக்கிற வீடு எந்த ஊரில் இருக்கிறது.

வட்டம் நின்றது. திரைக்கு உயிர் வந்தது, ஆனால் கேட்ட வேலையைச் செய்யாமல், நான் எங்கே இருந்தேனோ அங்கேயேதான் இருப்பேன் என்று பழைய இடத்திலேயே நின்றது. அவளுக்கு அழுகை வராது, பல்லைத்தான் கடிப்பாள். கடித்தாள். கடை முதலாளி அல்போன்ஸ் சார் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன நாகஜோதி, உங்க வீட்டுக்கே இம்புட்டு நேரமா?" என்றார். "பாரம் தாங்க மாட்டேங்குது சார்." "பாரத்தைக் குறைம்மா. பாத்திரம் பண்டமெல்லாம் எளிசாக்கு. வட்டமா இருக்கிறத எட்டுப் பட்டையாக்கி விடு, யார் வந்து எண்ணப் போறா" என்று சொல்லிவிட்டு, போன் பேசிக்கொண்டே வெயிலுக்குப் போய்விட்டார். அவர் சொல்வது நிசம்தான். இந்த மெஷினுக்கு வட்டம் என்று ஒன்று தெரியாது. வளைவாகத் தெரிகிற எல்லாமே தட்டைத் தட்டையான பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியதுதான், பட்டை கூடக் கூட மழமழவென்று தெரியும், கூடக் கூட மெஷினுக்கு மூச்சு முட்டும். தன் அடுப்படியை அவள் கட்டியது வேலை பழகின காலத்தில். சொல்லிக்கொடுத்த பாலமுரளி, "வீட்டுல இருக்கிற சாமானையே போட்டுப் பழகுங்கக்கா, கை பழகிரும்" என்றான். அவளும் பழகினாள். மூக்கு நசுங்கின எண்ணெய்த் தூக்கு, காது ஒரு பக்கம் தேய்ந்த இரும்புச்சட்டி, குக்கர், குக்கர் மேல் வெயிட்டு, அஞ்சறைப்பெட்டிக்குள் ஒவ்வொரு கிண்ணமும், கிண்ணத்துக்குள் கடுகு வரைக்கும். கடுகு போட்ட அன்றைக்கு பாலமுரளி தலையில் கை வைத்துக்கொண்டான். "கடுகெல்லாம் யாருக்கா போடுவா?" அவள் போட்டாள். அது அவளுடைய கடுகு. இப்போது அந்தக் கடுகுதான் முதலில் போனது. அழித்தாள், ஒரே அழுத்தில் கிண்ணம் காலி. அடுத்தது அஞ்சறைப்பெட்டியே ஒரு தட்டை டப்பாவாக மாறியது. தூக்கின் மூக்கு போனது. இரும்புச்சட்டியைப் பட்டை குறைத்தபோது அது நசுங்கி, குடையைத் திருப்பிப் போட்ட மாதிரி ஆனது. இவ்வளவு பண்ணியும் பாரம் இறங்கவில்லை. எது இப்படி அழுத்துகிறது என்று மெஷினிடமே கேட்டால் அது வரிசை போட்டுக் காட்டும், கனமானது முதலில். கேட்டாள். முதலில் வந்து நின்றது குக்கர் இல்லை, சிம்னி இல்லை. உப்பு ஜாடி.

அவள் சிரித்திருக்க வேண்டும், சிரிப்பு வரவில்லை. மற்ற எதையும்விட அதற்குத்தான் அவள் பட்டை கூட்டிக் கட்டியிருந்தாள். மேலே காவி நிறம், கீழே வெள்ளை, கழுத்தில் பழுப்பாக வழிந்து நின்ற மெருகு, ஊறுகாய் ஜாடிக்குத் தங்கச்சி மாதிரி ஒரு பீங்கான் ஜாடி. சுவர் எழும்பின அன்றைக்கு அமுதவல்லி அக்கா கையில் கொடுத்தது. அடுப்பு பிரிகிற வீட்டில் மூத்தவள்தான் இளையவளுக்கு உப்பும் மஞ்சளும் முதலில் எடுத்துக் கொடுக்கவேண்டும், அது முறை. கொடுத்தாள், கழுத்து வரைக்கும் கல்லுப்பு நிறைய. கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. அல்லது இவள்தான் பார்க்கவில்லையோ. மாமனார் அன்றைக்கு ஒரே கடையில், ஒரே மாதிரி இரண்டு காஸ் அடுப்பு வாங்கி வந்திருந்தார், நாளைக்கு ஒருத்தி வாயால் உனக்குப் பெரிசு எனக்குச் சிறிசு என்று வரக்கூடாது என்று. பால் பொங்கியது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில். அன்றைக்கு நாகஜோதி தன் அடுப்பில், தன் ஜாடியில் கைவிட்டு, தன் கையால் உப்பு அள்ளிப் போட்டாள் பாருங்கள், அந்த உப்பின் நறநறப்பு இன்னும் விரலில் இருக்கிறது. ஏனென்றால் அதற்கு முன்னால், ஒரே அடுப்பாக இருந்த காலம் முழுக்க, அவள் வைத்த குழம்பு ஒன்றில்கூட அவள் உப்பு மட்டும் இருந்ததில்லை. அவள் இறக்கி வைப்பாள். அமுதவல்லி அக்கா வருவாள், மூடியைத் தூக்குவாள், ருசி பார்க்க மாட்டாள், கரண்டியால் தொடக்கூட மாட்டாள், ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு மூடியை மூடிவிட்டுப் போவாள். கோபமாக இல்லை. வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கிற மாதிரி, கை பாட்டுக்குச் செய்யும். ருசி பார்த்துவிட்டுப் போட்டால்கூட மனசு ஆறும், சரி, நமக்குக் கை பத்தவில்லை என்று இருக்கலாம். பார்க்காமலே போட்டால் அதற்கு என்ன அர்த்தம். யோசித்து யோசித்து இவள் உப்பைக் குறைத்துப் போடப் பழகினாள், அந்தச் சிட்டிகைக்கு இடம் விட்டு. அப்படி ஒரு நாள் அக்கா சாவு விழுந்த ஒரு துட்டி வீட்டுக்குப் போய்விட்டாள், அன்றைக்குப் பார்த்து மாமனார் முதல் வாயிலேயே இலையை ஒதுக்கிவிட்டு, "அமுதா இல்லைன்னா இந்த வீட்டுல வாய்க்கு வெளங்காதுடா" என்றார். அதை இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது. சுடட்டும். அப்போது அவளுக்கு ஏறி நிற்க ஒரு பலகை வேறு வேண்டும். மேடை அக்காவின் உயரத்துக்குக் கட்டியது, அக்கா நெடுநெடுவென்று தென்னை, இவள் பக்கத்தில் வாழைக்கன்று. பலகையில் ஏறி நின்று குழம்பு கிண்டிக்கொண்டே இருந்த பெண், சுவர் எழும்பினதும் முதலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான், "என் பக்கத்து மேடைய இறக்கிக் கட்டணும்." போஸ் இறக்கிக் கட்டினான். அதற்காகவே அவனுடைய பல குற்றங்களை அவள் மன்னித்திருக்கிறாள்.

ஜாடியின் பட்டையைக் குறைத்தாள். வயிறு ஒட்டியது. இன்னும் குறைத்தாள். தோள் முறிந்து பம்பரமாயிற்று. இன்னும் குறைத்ததும் அது ஜாடியும் இல்லை பம்பரமும் இல்லை, யாரோ மிதித்த தீப்பெட்டி. அப்படி நிற்பதற்கு இல்லாமலே போகலாம் என்று அழித்துவிட்டாள். பாரம் சட்டென்று பாதி இறங்கி, மெஷின் பெருமூச்சு விட்டது. பாவி ஜாடி, இத்தனை நாள் நீயா உட்கார்ந்திருந்தாய். சரி. இனி அந்தப் பக்கம். அமுதவல்லி அக்காவின் அடுப்படி நேற்று எடுத்த அளவில் இன்று காலையில் கட்டினது. அதில் அவள் ரொம்ப மெனக்கெடவில்லை, சாமானெல்லாம் கடைக்காரப் பாத்திரம், அடுப்பு மட்டும் தன் அடுப்பையே ஒரு காப்பி எடுத்து அங்கே வைத்துவிட்டாள், இரண்டும் ஒன்றுதானே. இப்போது அந்த அடுப்பைப் பார்த்தாள். திருகு, பர்னர், கம்பி, திருகில் எழுத்து வரைக்கும். இது எதற்கு இவ்வளவு துலக்கம். நாளைக்கு நிற்கப்போகிற அடுப்பு இது, பட்டை குறைத்தால் மட்டும் வீட்டில் நிற்கிறது குறைந்துவிடுமா, ஆனாலும் இன்றைக்கு ஒரு நாள், இந்தத் திரைக்குள்ளேயாவது, அது ஒரு வெறும் பெட்டியாக நிற்கட்டுமே. இப்படி ஒரு நினைப்பு ஓடியதை அவள் யாரிடமும் சொல்லப்போவதில்லை. அடுப்புக்குள் நுழைந்து, திருகை அழித்தாள், கம்பியை அழித்தாள், பர்னரை அழித்தாள், ஒரு பெட்டி மிச்சம். நிம்மதியாகத் திரையைத் திருப்பினாள். இந்தப் பக்கம் அவள் அடுப்பும் பெட்டியாக நின்றது. இதை யார் தொட்டது. செய்ததைத் திருப்பினாள், இரண்டும் அடுப்பாயின. ஒருவேளை கை தவறி இரண்டையும் பிடித்துவிட்டோமோ என்று, இந்தத் தடவை அக்காவின் அடுப்புக்குப் பக்கத்திலேயே போய், மூக்கு உரசுகிற தூரத்தில் நின்று, ஒரே ஒரு திருகை மட்டும் அழித்தாள். மெதுவாகத் திரும்பி வந்து பார்த்தாள். தன் அடுப்பிலும் ஒரு திருகு இல்லை. அதே திருகு. மூன்றாம் தடவையும் அதேதான், அங்கே கிள்ளினால் இங்கே வீங்குகிறது. அப்புறம்தான் பாலமுரளி சொன்னது ஞாபகத்தில் தட்டியது. காப்பி எடுக்கிறதில் இரண்டு விதம் உண்டுக்கா, ஒன்று அத்துவிட்ட காப்பி, இன்னொன்று ரெட்டைப்பிள்ளை, ஒன்றுக்குக் காய்ச்சல் வந்தால் மற்றதுக்கும் உடம்பு சுடும், கவனமா இருங்க. காலையில் அவசரத்தில் ரெட்டைப்பிள்ளையைத்தான் எடுத்து வைத்திருக்கிறாள். இதற்கு வைத்தியமும் உண்டு, வலது பொத்தானை அழுத்தினால் கீழே விழுகிற வரிசையில் "தனியாக்கு" என்று பொருள்படுகிற ஒரு சொல் கிடக்கும், ஒரு சொடுக்கு, அப்புறம் அது யாரோ இது யாரோ. பொத்தானை அழுத்தினாள். வரிசை விழுந்தது. அம்பை அந்தச் சொல் மேல் கொண்டுபோய் வைத்தபோது போன் அடித்தது. போஸ். "கிளம்பிட்டோம். அண்ணன் வெத்தலை வாங்குறாரு. ரெடியா வச்சிருக்கயா?" "ம்." "என்ன ம், அங்க வந்து மானத்த வாங்கிறாத." "உங்க மானம் என்ன என் மெஷினுக்குள்ளயா இருக்கு, வாங்க" என்று வைத்துவிட்டாள். வரிசை தானாக மூடிக்கொண்டது.

அழித்த திருகை மட்டும் திருப்பினாள். நேரம் இல்லை, அடுப்பு கிடக்கட்டும், மேடையைச் சேர்த்துவிடலாம் என்று, நடுச்சுவரை எடுத்தாள். ஊரில் இடிக்க ஆள் வேண்டும், கடப்பாரை வேண்டும், தூசி பறக்கும், இங்கே ஒரு விரல். சுவர் போன இடத்தில் ஓர் இடைவெளி, இரண்டு மேடையும் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி. தன் மேடையை இழுத்து அந்த மேடையோடு முட்டவைத்து, இரண்டையும் பிடித்து, ஒன்றாக்கு என்றாள். மாட்டேன் என்றது. மறுபடி. மாட்டேன். எங்கேயாவது சின்ன ஓட்டை இருந்தாலும் இது ஒட்டாது, உள்ளே காற்றுப் போகிற பொருளை முழுப்பொருளாக இது மதிக்காது. தேடினாள். மேலே இல்லை, பக்கத்தில் இல்லை, மேடைக்கு அடியில் படுத்துக்கொண்டு பார்த்தால், காஸ் குழாய்க்காக அவளே வெட்டிவிட்டு மூடாத ஒரு துளை. மூடினாள். ஒட்டியது. அப்பாடா என்று நிமிர்ந்தால், நடுவில் ஒரு கோடு. கோட்டை அழித்தால் மேடையின் மேல்தளமே பெயர்ந்து போகிறது, உள்ளே பொக்கென்று தெரிகிறது. திருப்பினாள், அழித்தாள், பெயர்ந்தது. பக்கவாட்டில் நின்று பார்த்தபோதுதான் புத்தியில் உறைத்தது, அது கோடு இல்லை, படி. இரண்டு மேடையும் ஒரே உயரம் இல்லையே. அவளுடையது தாழ்ந்தது, அக்காவுடையது உயர்ந்தது. ஒன்றாகவேண்டும் என்றால் ஒரு உயரம் வேண்டும். யார் உயரம். தன் மேடையைத் தூக்கிப் பார்த்தாள். தூக்கினதும் மேலே இருந்த அலமாரி இடித்தது, குக்கர் மேடைக்குள் முழுகியது, அலமாரியைத் தூக்கினால் கை எட்டாது, கை எட்டாவிட்டால் பலகை. திரும்பவும் அந்தப் பலகை. கால் விரலில் சிராய் ஏறினது, ஊசியை விளக்கில் காட்டி எடுத்தது, பலகையோடு சறுக்கி ரசம் கையில் கொட்டினது, அக்கா ஓடி வந்து மாவைக் கரைத்துத் தடவிவிட்டுக்கொண்டே, "பாத்து நிக்கப்படாதா, ஒனக்குன்னு ஒரு மேடையா கட்ட முடியும்" என்றது. கட்ட முடியும் என்றுதான் கட்டினாள். விடிந்ததும் யாரும் எழுவதற்கு முன்னால் தனக்கென்று ஒரு டீ. சனிக்கிழமைகூடக் கருவாடு, அந்தப் பக்கம் சனிக்கிழமை விரதம், இந்தப் பக்கம் வாசம் தூக்கும். தோசை கருகினால் தானே தின்றுவிட்டு, கருகினதை யாருக்கும் விளக்காமல் அடுத்ததை ஊற்றுகிற சுதந்திரம். இதெல்லாம் ஒரு சுதந்திரமா என்று கேட்டால், கேட்கிறவர்கள் பலகையில் ஏறி நின்றதில்லை. இந்த மெஷினிடம் எவ்வளவு சொன்னாலும் அதற்குப் புரியப்போவதில்லை, அது உயரம் என்ன என்று மட்டும் கேட்கும், போஸிடம் சொன்னால் அதுகூடக் கேட்கமாட்டான்.

இந்த எரிச்சலில்தான் நேற்று அளவெடுத்தது வந்து வந்து மாட்டுகிறது, சேலை முந்தானை ஆணியில் மாட்டுகிற மாதிரி, இழுக்க இழுக்க. சுவருக்கு அந்தப் பக்கம், அக்காவின் அடுப்படி வரைக்கும் இவள் போனது நேற்றுத்தான். விசேஷம் என்றால் முன்வாசலோடு சரி. அளவு நாடாவின் ஒரு முனையை அமுதவல்லி அக்கா பிடித்துக்கொண்டாள். "இழுத்துப் பிடிக்கா." "பிடிச்சுத்தான் இருக்கேன், நீ விட்டுறாத." அக்காவின் அடுப்பு துடைத்துத் துடைத்துப் பளபளப்பு மங்கி, மேலே ஒரு பழைய துண்டைப் போர்த்தியிருந்தது, தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவது மாதிரி. அப்புறம் திடீரென்று, "இன்னைக்கு ஒரு விசில் முன்னாடியே அணைச்சிட்டயே, பருப்பு நறுக்கு நறுக்குன்னு இருந்திருக்குமே" என்றாள். நாகஜோதிக்குச் சுரீரென்று ஏறியது. பாருங்கள், சுவருக்கு அப்பால் நின்றுகொண்டும் ஒரு சிட்டிகை போடுகிறாள். "எங்க பருப்பு எங்களுக்கு வெந்துச்சுக்கா" என்றாள். அக்கா நாடாவைச் சுருட்டிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, கை அடுப்பு மேலே இருக்க, "இத எங்கிட்டு வைக்கப்போற?" என்றாள். "மாமா சொல்றதுதான்." "மாமா எந்தக் காலத்துல அடுப்பப் பத்தவச்சாரு." கொஞ்சம் சிரித்தாள். "ஒன் மெஷினுக்குள்ள எனக்கும் எங்கிட்டாவது ஒரு மூலை இருக்கும்ல." நேற்று அதைக் குத்தலாகத்தான் எடுத்துக்கொண்டு வந்தாள் நாகஜோதி. மூத்தவள், வீட்டுக்காரி, மூலை கேட்கிறாளாம், என்ன நடிப்பு என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டு வந்தாள். இன்றைக்கு இரண்டு அடுப்பும் ஒரே சமயத்தில் பெட்டியாகி நின்றதைப் பார்த்ததிலிருந்து அந்தப் பேச்சு வேறு மாதிரி கேட்கிறது. வரப்போகிற ஒரே அடுப்பு யாருடையது என்று அக்காவிடமும் யாரும் சொல்லவில்லையோ. கம்ப்யூட்டர் தெரிந்தவள் இவள், சம்பாதிக்கிறவள் இவள், படம் போடுகிறவள் இவள். அந்தப் பக்கம் இருந்து பார்த்தால், அடுப்பைத் தூக்கப்போகிறவள் நாகஜோதி. சே, அப்படியெல்லாம் இருக்காது, அவளாவது பயப்படுவதாவது. ஆனால் அந்தத் துண்டு எதற்கு. பயப்படட்டுமே, எத்தனை காலம் நான் பயந்தேன். ஆனால் விசிலை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, தன் வீட்டு விசிலை விட்டுவிட்டு. நினைப்பு சுற்றிக்கொண்டே இருந்தது, திரையில் வட்டம் நின்றுவிட்டது, இவளுக்குள்ளே நிற்கவில்லை. தூக்கின மேடையை இறக்கினாள். படி இருக்கட்டும். தனியாக்கு என்கிற சொல்லை மறுபடி தேடிப் போகவுமில்லை. கண்ணாடிக் கதவு திறந்து, வெயிலும் வெற்றிலை வாசமும் உள்ளே வந்தன.

பெரிய மாமா சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, அது சுழன்றதும் காலை ஊன்றிக்கொண்டார். போஸ் பின்னால் நின்றான். அமுதவல்லி அக்கா உட்காரவில்லை, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அல்போன்ஸ் சார் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள். நாகஜோதி வீட்டைத் திருப்பிக் காட்டினாள். சுவர் இல்லாத அடுப்படி வெளிச்சமாக நீண்டு கிடந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றார் பெரிய மாமா. பிறகு முன்னால் குனிந்தார். "ஏத்தா, ஒரே அடுப்புன்னுல்ல சொன்னேன். ரெண்டு நிக்குது." "ஆமா மாமா." "ஒண்ண எடு." அக்காவின் காப்பிக் கை அசையாமல் நின்றது, அதை நாகஜோதி திரையின் பளபளப்பில் பார்த்தாள். எந்த ஒன்று என்று கேட்கத்தான் வாயெடுத்தாள். வாயில் வந்தது வேறு. "ஒண்ண எடுத்தா ரெண்டும் போயிரும் மாமா."

"அதெப்படிப் போகும்" என்றான் போஸ், "மெஷின்ல கோளாறு."

"கோளாறு இல்ல. இது ரெண்டும் ஒண்ணாப் பொறந்தது."

"எங்க, எடு பாப்பம், எனக்கு முன்னால எடு" என்றார் பெரிய மாமா, தாயத்து விற்கிறவனிடம் பேசுவது மாதிரி.

அக்காவின் அடுப்பைத் தொடவில்லை அவள். தன் அடுப்புக்குள் நுழைந்தாள், முழுசாகப் பிடித்தாள், அழித்தாள். இரண்டும் போயிற்று. நீள மேடை, நடுவில் ஒரு படி, ஒன்றுமே இல்லாமல், துட்டி வீட்டு அடுப்படி மாதிரி வெறிச்சென்று கிடந்தது. செய்ததைத் திருப்புவதற்காக அவள் விசையை அழுத்தினாள், நேரம் பார்த்து அந்தப் பாழாய்ப்போன நீல வட்டம் வந்து உட்கார்ந்துகொண்டு சுற்ற ஆரம்பித்தது. இன்னொரு தடவை அழுத்தக் கை போனது, நிறுத்திக்கொண்டாள். வட்டம் சுற்றியது. மேடை வெறுமையாகவே நின்றது. பெரிய மாமா மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

"திரும்ப வருமா, ஜோதி?" என்றாள் அமுதவல்லி அக்கா. குரல் மூத்தவள் குரலாகவே இல்லை.

"வரும்க்கா. யாரும் தொடாம இருந்தா வரும்."

வட்டம் இன்னும் கொஞ்சம் சுற்றி, மனசில்லாமல் நின்றது. இரண்டு அடுப்பும், திருகு, பர்னர், கம்பி, எழுத்து எல்லாமுமாக, இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தன. அக்கா அப்போதுதான் காப்பியில் ஒரு வாய் குடித்தாள்.

"அப்ப ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும்" என்றாள், புருஷனைப் பார்க்காமல்.

"சின்னமனூர்க்காரவுக கேட்டா?" என்றார் பெரிய மாமா.

"மேடைய எண்ணிப் பாருங்கன்னு சொல்லுங்க. ஒண்ணுதான இருக்கு. அடுப்ப எண்ணிக்கிட்டு அவுகளுக்கு என்ன வேல, சாப்புட வர்றவுக எலைய எண்ணட்டும்."

பெரிய மாமா போஸைப் பார்த்தார், போஸ் கூரையைப் பார்த்தான். "சரி, அது என்ன நடுவுல படி? கட்டுறவன் குடிச்சிட்டுக் கட்டுன மாதிரி."

"ஜோதி குட்டைல்லண்ணே" என்றான் போஸ். பெரிய மாமா சிரித்துவிட்டார், அல்போன்ஸ் சார்கூட அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். நாகஜோதிக்குச் சிரிப்பு வரவில்லை, முதுகுதான் வலித்தது. அமுதவல்லி அக்கா சிரிக்கவில்லை. கிட்டே வந்து, கண்ணைச் சுருக்கி, திரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சாமான் சாமானாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பரிசோதனைக்காரி. மூடியைத் தூக்கப்போகிறாள் என்று நாகஜோதிக்குத் தெரிந்துபோயிற்று.

"உப்பு ஜாடியக் காணோம்?"

"கனமா இருந்துச்சுக்கா. எடுத்துட்டேன்."

"உப்பில்லாம என்ன அடுப்படி." விரலைக் கண்ணாடி மேலேயே வைத்தாள், ரேகை பதிந்தது. "வையி."

"எந்தப் பக்கம் வைக்க?"

அக்கா யோசித்தாள். தன் உயர்ந்த மேடையைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள், தாழ்ந்த மேடையைப் பார்த்தாள்.

"ஒன் பக்கமே வையி. எனக்குக் கை எட்டும்."

நாகஜோதி மவுஸை எடுத்து, அக்காவின் அடுப்புக்கு முன்னால் ஒரு ஆள் நிற்கிற இடத்திலிருந்து தன் மேடையின் ஓரம் வரைக்கும் ஒரு கோடு இழுத்து அளந்து பார்த்தாள். எட்டத்தான் செய்கிறது.

பல்லைக் கடித்துக்கொண்டு, அழித்த ஜாடியைப் பட்டை குறைக்காமல், முழுசாக, பழைய கனத்தோடேயே எடுத்து வைத்தாள். வட்டம் சுற்ற ஆரம்பித்தது.